காலி என்று அறிவித்த கட்டடத்தில் ஒருவர் இருந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களில் நடத்தப்படும் அவசரகால வெளியேற்ற ஒத்திகை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டடம் எத்தனை நிமிடத்தில் காலியானது என்பதைத்தான் அந்தக் கட்டுரை வெற்றிக்கு அளவாக வைத்திருந்தது. நான் 22 ஆண்டுகளாகப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அதில் 9 ஆண்டுகளாக மூன்றாம் மாடியை ஆபத்துக் காலத்தில் காலி செய்து அனுப்பும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. அந்த நிமிடக் கணக்கை நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது அதைக் கேட்டாலே எனக்கு ஒரு மாணவரின் முகம் நினைவுக்கு வருகிறது.

அன்றைய ஒத்திகை காலை 11 மணிக்கு. முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அலாரம் அடித்ததும் மாணவர்கள் சிரித்துப் பேசியபடி வரிசையாக இறங்கினார்கள். நான் அலமாரி வரிசைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசி ஆளாகப் படிக்கட்டுக்கு வந்தபோது, கதவருகே சக்கர நாற்காலியில் ஒரு மாணவர் இருந்தார். லிஃப்ட் நின்றுவிட்டது. ஒத்திகையிலும் அப்படித்தான் நிறுத்துவார்கள், அது சரியும்கூட. "தம்பி, இது ஒத்திகைதான், நீங்க இங்கேயே இருங்க, பத்து நிமிஷத்துல எல்லாரும் வந்துடுவாங்க" என்றேன். அவர் தலையாட்டினார். நான் நாலு படி இறங்கிய பிறகு பின்னாலிருந்து கேட்டார்: "நிஜமா நடந்தா என்ன செய்வீங்க மேடம்?"

என்னிடம் பதில் இல்லை. கீழே கூடுமிடத்தில் பாதுகாப்பு அலுவலர் கையில் கடிகாரத்தோடு நின்றார். "மூன்றாம் மாடி?" என்று கேட்டார். "காலி" என்றேன். எல்லா மாடிகளும் காலி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை மேலே உட்கார்ந்துகொண்டு அந்தக் கைதட்டலைக் கேட்டிருப்பார். நான் சொன்ன 'காலி' பொய் என்று அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அதே படிக்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தீ பரவாமல் தடுக்கும் கனமான கதவுகளுக்கு உட்புறம், படிகள் திரும்பும் இடத்தில், ஒரு சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. இறங்க முடியாதவர் உதவி வரும்வரை காத்திருக்க வேண்டிய இடமே அதுதான். மூடியிருந்தால் அந்தக் கதவு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ தீயையும் புகையையும் தாங்கும். ஆனால் காற்று வரட்டும் என்று கதவின் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகித் திறந்தே வைத்திருந்தார்கள். காத்திருக்கும் இடத்தில் கால் உடைந்த இரண்டு நாற்காலிகள், பழைய சஞ்சிகைக் கட்டுகள். கட்டுகளை அங்கே அடுக்கச் சொன்னது எங்கள் பிரிவுதான் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கட்டடம் கட்டியவர் யோசித்து விட்ட இடத்தைக் காகிதத்தால் நாங்கள் அடைத்து வைத்திருந்தோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. படிகளில் சறுக்கியபடி இறங்கும் மடக்கு நாற்காலிகள் இருக்கின்றன. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993-இல் குண்டு வெடித்த பிறகு அப்படிப்பட்ட நாற்காலிகளை வாங்கி வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, நடக்க முடியாத ஊழியர் ஒருவரை அவருடன் வேலை பார்த்தவர்கள் 69-ஆவது மாடியிலிருந்து அதில் உட்காரவைத்து இறக்கிக் காப்பாற்றினார்கள். 69 மாடி! எங்களுக்கு மூன்றே மாடி.

'நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம்' என்று பலர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலிகளில் பல, ஆள் இல்லாமலேயே 100 கிலோவைத் தாண்டும். அதைப் படியில் தூக்கினால் தூக்குபவரும் விழுவார், உட்கார்ந்திருப்பவரும் விழுவார், பின்னால் வருகிறவர்களின் வழியும் அடைபடும். வெறும் ஆளைத் தூக்குவதென்றாலும் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடித்தால் வலிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அதனால் அவரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும்: எந்த வகுப்பில் எந்த நேரம் இருப்பார், யார் யார் உதவுவார்கள், அவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் அடுத்தது யார் என்று. சேர்க்கையின்போது ரத்தப் பிரிவுவரை கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

அந்த மாணவரை நினைக்க நினைக்க, கணக்கில் வராதவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று தோன்ற ஆரம்பித்தது. அலாரம் காதில் விழாதவருக்குச் சுவரில் மின்னும் விளக்கு வேண்டும், கழிப்பறையிலும் வேண்டும். இரவு 2 மணிக்கு ஆய்வகத்தில் தனியாக இருக்கும் ஆராய்ச்சி மாணவருக்கு 11 மணி ஒத்திகையால் என்ன பயன்? முழங்காலில் கட்டோடு வரும் பேராசிரியர், எட்டு மாதக் கர்ப்பிணி, ஒரு நாள் கருத்தரங்குக்கு வந்த விருந்தினர் என்று யோசித்துக்கொண்டே போகலாம். மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தின் விடுதியில் 2003 நவம்பரில் நள்ளிரவு தாண்டித் தீப்பிடித்தது. வெளிநாடுகளிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் பலர் ஊருக்கே புதியவர்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு அறிவிப்பு எந்த மொழியில் போகிறது, முதல் நாளே யாராவது கைபிடித்து அவசர வழியைக் காட்டினார்களா என்று ஒவ்வொரு விடுதியும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மனிதர்கள் ஆபத்தில் உள்ளே வந்த வழியாகவே வெளியே ஓடுவார்கள். வேறு வழியில் ஒரு தடவையாவது நடந்திருந்தால்தான் கால் அந்தப் பக்கம் திரும்பும்.

அதற்காக வாரம் ஒரு தடவை அலாரம் அடிக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் அடிக்கடி பொய் அலாரம் அடித்துப் பழகிப்போனதால், 2000 ஜனவரி 19 அதிகாலையில் உண்மையாகவே தீப்பிடித்தபோது பலர் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பொய் அலாரம் அடித்தால் ஏன் அடித்தது என்று அன்றே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காரணம் தெரிந்தால் அடுத்த தடவையும் எழுந்து வருவார்கள்.

அப்புறம், எல்லா ஆபத்துக்கும் வெளியே ஓடுவது மருந்தல்ல. வெளியே ரசாயனப் புகை என்றால் உள்ளே இருந்து ஜன்னலைச் சாத்த வேண்டும். துப்பாக்கியோடு ஒருவன் திரிகிறான் என்றால் அறையைப் பூட்டிக்கொள்ள வேண்டியிருக்கலாம். எதைச் செய்வது என்று முடிவெடுக்கச் செய்தி வேண்டுமே. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 காலை 7.15 மணியளவில் விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. அடுத்த கால் மணி நேரத்துக்குள் அதே கொலையாளி வகுப்பறைக் கட்டடத்தில் சுட ஆரம்பித்துவிட்டான். மொத்தம் 32 பேரைக் கொன்றான். அந்தக் கட்டடத்தின் வாயில்களை அவன் உள்ளிருந்தே சங்கிலியால் கட்டியிருந்தான். 'என்ன நடந்தது, எங்கே, நீங்கள் என்ன செய்ய வேண்டும்' என்ற மூன்று வரிச் செய்தியை அனுப்ப யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கக் கூடாது. பணியில் இருக்கும் காவலருக்கே அந்த அதிகாரம் வேண்டும்.

எங்கள் இடத்தில் நடந்ததையும் சொல்கிறேன். மூன்று முறை கடிதம் எழுதிய பிறகு ஒரு மடக்கு நாற்காலி வந்தது. உறையோடு சுவரில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உறையைப் பிரித்து, ஒரு மாடி இறக்கிப் பாருங்கள் என்று சக ஊழியரிடம் சொல்லி நானே அதில் உட்கார்ந்தேன். மார்பில் ஒரு பட்டை, முழங்காலுக்குமேல் ஒரு பட்டை. முதல் படியின் விளிம்பில் நாற்காலி சாய்ந்த அந்த நொடியில், கைப்பிடிச் சுவரை எட்டிப் பிடிக்கக் கை தானாகப் போனது. பிடித்திருந்தால் இருவரும் உருண்டிருப்போம். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்று உட்காருபவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது படியிலிருந்து பயம் போய்விட்டது. பிறகு அந்த மாணவரே வந்து உட்கார்ந்தார். இடது தோளுக்குக் கீழே பட்டையை இறுக்கக் கூடாது என்றார். அதை எழுதி நாற்காலியின் முதுகில் ஒட்டியிருக்கிறோம்.

அவர் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார். இந்த ஆண்டு சக்கர நாற்காலியில் வரும் இன்னொரு மாணவி சேர்ந்திருக்கிறார். ஆபத்தில் அவருக்கு யார், எப்படி உதவுவது என்ற தாளை இப்போது அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஒத்திகையை இரவு 8 மணிக்கு, தேதி சொல்லாமல் நடத்த நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. கடைசி ஆள் தரையில் கால் வைத்த பிறகோ, சக்கரம் வைத்த பிறகோதான் கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அடுத்த முறை உங்கள் நிருபர் எந்த வளாகத்து ஒத்திகையைப் பார்க்கப் போனாலும், கீழே நிற்காமல் மேல் மாடியில் நிற்கும்படி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல்கலைக்கழக நூலகப் பணியாளர்