விஜிக்கு, பாப்பாவின் ஸ்கேட்டிங் பூட்ஸ் விஷயமாக

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விஜி,

உன் கடிதமும் பாப்பாவின் போட்டோவும் கிடைத்தன. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்கின் ஓரச் சுவரை ஒரு கையால் பிடித்தபடி சிரிக்கிறாளே, அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். அம்மாவுக்கு ஐஸ் என்றால் காசிமேட்டில் மீனுக்கு உடைத்துப் போடுகிற ஐஸ்தான். "அது மேல புள்ளைங்க ஓடுதா? கால் மரத்துப் போவாதா?" என்று கேட்டார்கள்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது, ஆனாலும் மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் சின்னம்மா வீட்டுக்குப் போய்வரத் தெம்பு இருக்கிறது. நம் தெருவில் பல பேர் மாதவரம் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். மற்ற கதையைப் போனில் பேசிக்கொள்ளலாம். பாப்பாவுக்கு ஸ்கேட்டிங் பூட்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது என்று நீ கேட்டதை மட்டும் விரிவாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். கடையில் கையில் வைத்துப் பார்க்கக் கடிதம்தான் தோது.

"வளர்ற பொண்ணு, டாலர் கொடுத்து வாங்குறோம், ரெண்டு சைஸ் பெருசா எடுத்திடலாம்" என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தாய். ஸ்கேட்டிங் பூட்ஸில் மட்டும் அந்தக் கணக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல். நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஜூன் மாதம் எம்.சி. ரோட்டில் ஷூ வாங்கி, முனையில் பஞ்சு அடைத்து, அடுத்த வருஷமும் அதையே போட்டுப் பள்ளிக்கூடம் போனோம். தரையில் நடக்கிற காலுக்கு அது ஓடும். பாப்பா நிற்கப்போவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலமுள்ள இரும்புப் பிளேடின் மேல். அந்த இரும்பின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அதனால் உள்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு விளிம்பு. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் வளைவது, திரும்புவது, தாவி இறங்குவது எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒரு விளிம்பின் மேல் சாய்ந்துதான் நடக்கும். பூட்ஸுக்குள் குதிகால் ஆடினால் அவள் சாய நினைக்கும் நேரத்தில் பிளேடு சாயாது. கணுக்கால் உள்பக்கமாக மடியும். பார்க்கிறவர்கள் "புள்ளைக்குக் கணுக்கால்ல பலம் இல்ல" என்பார்கள். கனடாவில் ஸ்கார்பரோவில் என் பெண்ணை விடியற்காலையில் ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போன வருஷங்களில் இந்தப் பேச்சை எத்தனையோ தாய்மார்களிடம் கேட்டிருக்கிறேன். சரியான அளவில் பூட்ஸ் மாட்டியதும் அந்தப் பிள்ளைகளில் நிறைய பேருக்குக் கால் நேராக நின்றுவிட்டது.

முதலில் வீட்டிலேயே அளவு எடு. என் அப்பா பெரியமேட்டில் எப்படி எடுப்பார் என்று உனக்குத் தெரியும், உன் கல்யாணச் செருப்புக்கே எடுத்திருக்கிறார். தரையில் தாளை விரித்து, அவளை இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கச் சொல். உட்கார வைத்து எடுக்காதே, எடை இறங்கும்போதுதான் பாதம் நீளும், பரவும். ஸ்கேட்டிங்குக்குப் போடும் அதே மெல்லிய டைட்ஸ் காலில் இருக்கட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வா. பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் கால் சின்னதாக விழும், அப்பா இதற்காகவே பொடியன்களைத் திட்டுவார். குதிகாலின் பின்முனையிலிருந்து நீளமான விரலின் நுனி வரை மில்லிமீட்டரில் குறித்துக்கொள். சில பேருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும், அதைப் பார். அகலமான இடத்தையும் அள. இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று இல்லை, பெரிய காலை வைத்துத்தான் வாங்கவேண்டும்.

அவள் போடும் ஸ்கூல் ஷூவின் நம்பரைக் கடையில் சொல்லாதே. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. கனடாவின் ஜாக்சன், அமெரிக்காவின் ரீடெல் இரண்டிலும் ஸ்கேட் நம்பர் பெரும்பாலும் சாதாரண ஷூவைவிடச் சிறியதாக வரும். இத்தாலியின் எடியாவில் மில்லிமீட்டர் கணக்கு. நம்பருக்கு நம்பர் அகலமும் தனியாக உண்டு. நம் பிள்ளைகளுக்கு முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுக்கமாகவும் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் அகலத்துக்காக நீளத்தைக் கூட்டுகிற வேலையைச் சில கடைக்காரர்கள் செய்வார்கள். அதை ஒத்துக்கொள்ளாதே. அகலம் கூடிய அதே நீளம் இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் வேறு கம்பெனியைப் பார்.

போட்டுப் பார்க்கும்போது லேஸைத் தளர்த்திவிட்டு, விரல்கள் முன்னால் தொடும்வரை காலைத் தள்ளச் சொல். குதிகாலுக்குப் பின்னால் ஒரு பென்சில் நுழையும் இடம் இருந்தால் சரி. உன் விரல் தாராளமாக உள்ளே போனால் பெரிது. அப்புறம் குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து லேஸ் கட்டி நிறுத்து. நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடலாம், ஆனால் மடங்கக் கூடாது. முட்டியை மடக்கினால் விரல்கள் சற்றுப் பின்வாங்கவேண்டும். விரல்களை உள்ளே மேலும் கீழும் ஆட்ட முடிகிறதா என்று அவளிடம் கேள். இதெல்லாம் சரியாக இருந்தும் முன்னங்காலில் எழும்பும்போது குதிகால் தூக்கினால் அந்தப் பூட்ஸ் வேண்டாம். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முன்பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கடையில் தட்டி விரித்துக் கொடுப்பார்கள். குதிகால் ஆடினால் யாராலும் திருத்த முடியாது. வளர்வதற்கு அரை சைஸ் வரை விடலாம், அதற்கு மேல் போகாதே.

லேஸ் கட்டுவதற்கும் முறை உண்டு. விரல் பக்கம் தளர்வாக விடு. கணுக்கால் மடியும் இடத்தில் இறுக்கு, குதிகாலைப் பின்னால் பிடித்து வைப்பது அந்த இடம்தான். மேலே கொக்கிகளில் முட்டி மடக்க வருகிற அளவுக்கு மட்டும் இழு. கட்டியதும் இரண்டு பக்கத்து ஓட்டை வரிசைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார். இரு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பூட்ஸ் அகலம், ரொம்ப விலகி நின்றால் ஒடுக்கம். பூட்ஸின் நாக்கு நடுவில் நேராக இருக்கட்டும், ஒரு பக்கம் ஒதுங்கினால் லேஸ் காலை அறுக்கும். பையில் எப்போதும் இன்னொரு ஜோடி லேஸ் வை. 1994-இல் லில்லஹாமர் ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஸ்கேட்டர் டோன்யா ஹார்டிங் பாதி ஆட்டத்தில் நிறுத்திவிட்டு, காலைத் தூக்கி நடுவர் மேசையின் மேல் வைத்து, லேஸ் சரியில்லை என்று காட்டி அழுதார். உலகமே டிவியில் பார்த்தது.

விறைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஃபிகர் பூட்ஸில் விலை ஏற ஏற விறைப்பும் ஏறும். இரண்டு மூன்று சுற்று சுற்றி ஒற்றைக் காலில் இறங்குகிறவர்களுக்கு, உடம்பு எடையைப் போலப் பல மடங்காக இறங்கும் அந்தப் பாரத்தைத் தாங்க விறைப்பான பூட்ஸ் தேவை. பாப்பா இப்போதுதான் கேன்ஸ்கேட் என்கிற கனடாவின் தொடக்க வகுப்பில் முன்னும் பின்னும் போகக் கற்கிறாள். அவள் எடைக்கு விறைப்பான பூட்ஸ் மடியவே மடியாது. கணுக்கால் மடியாவிட்டால் முட்டி மடியாது, முட்டி மடியாவிட்டால் ஸ்கேட்டிங்கே இல்லை. "பின்னால உதவும்" என்று விலை கூடியதைக் காட்டினால் வேண்டாம் என்று சொல். அதே மாதிரி, பெரிய கடைகளில் மலிவாகக் கிடைக்கும் துணி மாதிரித் தொளதொளப்பான ஸ்கேட்டும் வேண்டாம், கையால் மேல்பகுதியை அழுத்தினால் மடிந்து போகிறதே, அது. இந்த இரண்டுக்கும் நடுவில் தொடக்கக்காரர்களுக்கென்றே பிளேடு பொருத்தி வரும் செட்கள் உண்டு. ஜாக்சனின் ஆர்டிஸ்ட் அந்த வகைதான். அவள் ஆக்சல், அதாவது முன்னால் பார்த்தபடி தாவி ஒன்றரைச் சுற்று சுற்றி இறங்கும் தாவல், செய்யும் நிலைக்கு வரும்வரை அப்படிப்பட்ட செட் போதும். பூட்ஸ் தனி, பிளேடு தனி என்று வாங்குவதெல்லாம் அப்புறம், அதைக் கோச்சிடம் கேட்டுச் செய்.

கடையில் பூட்ஸைச் சூடேற்றிக் காலுக்கேற்ப உருவம் படியவைக்கும் வசதி இருந்தால் அவளை அங்கேயே உட்காரவைத்துச் செய்துவிடு. கணுக்கால் எலும்பு உரசும் இடத்தில் மார்க் போட்டால் உள்ளிருந்து தட்டிக் குழி எடுத்துக் கொடுப்பார்கள். முதல் சில வாரங்களில் புதுத் தோல் இறுக்கத்தால் கால் வலிப்பது இயல்பு, மேல் கொக்கி ஒன்றிரண்டை விட்டுவிட்டுக் கட்டினால் சீக்கிரம் படியும். ஆனால் விரல் மரத்துப்போனாலோ, ஒரே இடத்தில் கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தாலோ அது படியாது. கூச்சப்படாமல் கடைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போ.

பிளேடைப் பற்றி நீ நிறையக் கேட்டிருக்கிறாய். ஷெஃபீல்டின் ஜான் வில்சன் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருந்தாய். பழைய பேர்தான், 1696-இலிருந்து வருகிற கம்பெனி. இப்போது அதற்கு அவசரம் இல்லை. நீ பார்க்கவேண்டியது, பிளேடு பூட்ஸின் அடிப்பாகத்தின் நீளத்துக்குப் பொருந்துகிறதா, நடுக்கோட்டில் நிற்கிறதா என்பது. அவள் நேராக நிற்கும்போது பூட்ஸ் எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்தால் பிளேடைச் சற்று நகர்த்திப் பொருத்தவேண்டியிருக்கும். அதற்காகத்தான் நீள்வட்ட ஓட்டையில் திருகு போட்டு முதலில் தற்காலிகமாக மாட்டுவார்கள். பிளேடின் முன்முனையில் உள்ள பற்கள் தடுக்கி அவள் விழுந்தால், அந்தப் பற்களைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அவை தாவுவதற்கும் சுழல்வதற்கும் வேண்டியவை, முட்டி மடக்கப் பழகினால் தடுக்காது. புதுப் பிளேடு பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும். ஹாக்கி ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கும் இடத்தில் கொடுக்காமல் ஃபிகர் பிளேடு தெரிந்த ஆளிடம் கொடு, தெரியாதவர் கையில் அந்தப் பற்கள் போய்விடும். பிளேடின் அடிப்பள்ளத்தின் வளைவு 1/2 அங்குல ஆரம் என்றால் தொடக்கக்காரர்களுக்கு நன்றாகவே போகும்.

பழைய ஸ்கேட் வாங்குவதில் தப்பில்லை. அங்கே கிளப்களில் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போனதை விற்பார்கள், புதிது மாதிரி இருப்பதும் கிடைக்கும். கணுக்கால் பக்கம் ஆழமான மடிப்பு விழுந்திருந்தால் மட்டும் வேண்டாம், விறைப்பு செத்துவிட்டது என்று அர்த்தம். பூட்ஸை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார், ஒரு பக்கம் சரிந்து நின்றால் அதுவும் வேண்டாம். பிளேடில் பளபளக்கும் முலாம் பூசாத ஒரு பட்டை அடிப்பக்கம் ஓடும், அது மெல்லிசாகிவிட்டால் இனிமேல் சாணை பிடிக்க இரும்பு இல்லை.

ஸ்கேட்டிங் முடிந்ததும் பிளேடையும் திருகையும் துணியால் துடைக்க அவளையே பழக்கு. நடக்க மட்டும்தான் பிளாஸ்டிக் உறை, பையில் வைக்கத் துணி உறை. ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் வைத்தால் துரு ஏறும்.

அளவெடுத்த தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. சனிக்கிழமை காலை கடைக்குப் போகும்போது இங்கே ராத்திரி ஒன்பதரை, பத்தரை இருக்கும், நான் தூங்கமாட்டேன். வீடியோ கால் போட்டு அவள் முட்டி மடக்குவதைப் பக்கவாட்டில் காட்டு, பின்னாலிருந்தும் காட்டு. பணம் கட்டுவதற்கு முன்னால் போடு டி, கட்டின பிறகு போடாதே.

அண்ணனுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
ரோசி