அப்பா இருக்கும்போதே எழுதும் நன்றி

எங்கள் பக்கம் நன்றி சொல்லி அச்சடிப்பதெல்லாம் ஆள் போன பிறகுதான். காரியம் முடிந்த கையோடு, "நேரில் வந்தும் போனிலும் ஆறுதல் சொன்ன அனைவருக்கும்" என்று ஒரு வரி, கீழே குடும்பத்தார் பெயர்கள். அதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டிய ஆள் மாலை போட்ட படத்துக்குள் இருப்பார். எனக்கு அது ஒத்துவரவில்லை. அப்பா இருக்கிறார். 79 வயது. இதை எழுதும்போது கூடத்துக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நூல் பிரிக்கிறார்.

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கு விவரம் தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். ஐம்பது வருடம் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவர். 2023 ஐப்பசியில் ஒரு விடிகாலை இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. கைகால் கொஞ்சம் திரும்பியது. ஞாபகம்தான் அதற்கப்புறம் இழை இழையாகக் கழன்றுகொண்டே போகிறது. அம்மா முன்பே போய்விட்டாள். அண்ணன்கள் இரண்டு பேரும் வெளியூர். ஆக, அப்பா என் வீட்டுக்கு வந்தார்.

"மகள் வீட்டில் இருக்கிறார்" என்பதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும். நல்ல நாளில்கூட மாப்பிள்ளை வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைக்காத மனிதர் அவர்.

என் வீட்டுக்காரருக்குச் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை. 26 வருடக் குடித்தனம். சண்டையே போடாத தம்பதி இல்லை நாங்கள். போட்டால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி போட்டு, ராத்திரிச் சோற்றுக்குள் முடித்துவிடுவோம். அப்பா வந்த பிறகு அதற்கு வழியில்லாமல் போயிற்று. ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தாலும் "நான் கெளம்பறேன் கண்ணு" என்று ஒற்றைக் கால் பலத்தில் எழுந்திருக்கப் பார்ப்பார். அதனால் சண்டையைக் கிசுகிசுப்பாகப் போட ஆரம்பித்தோம். மிக்ஸி ஓடும்போது இரண்டு வார்த்தை, தண்ணீர் மோட்டார் ஓடும்போது நாலு வார்த்தை. சட்னி அரைபடுகிற நேரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எவ்வளவு பேசிவிட முடியும்? பாதியில் விட்ட சண்டை மறுநாளும் அதே இடத்தில் இருக்கும், அதன் மேல் இன்னொன்று ஏறும். போகப் போகச் சண்டையும் நின்றுவிட்டது. "மாத்திரை குடுத்தாச்சா", "கேஸ் வந்துச்சா". அவ்வளவுதான் பேச்சு. அவர் பட்டறையிலிருந்து வந்தால் வாசல்படியிலேயே உட்கார்ந்து, தட்டை வாங்கி, அங்கேயே சாப்பிட்டு எழுந்துவிடுவார். என் அப்பா இருக்கிற வீட்டுக்குள் வர மனசில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நன்றி, மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் நர்ஸம்மாவுக்கும் பிசியோதெரபித் தம்பிக்கும். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் ஆரம்பித்தபோது டிவியில் பார்த்ததோடு சரி. பிரஷர், சர்க்கரை மாத்திரைதான் வீடு தேடி வரும் என்று நினைத்திருந்தேன். படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கவும் ஆள் வருவார்கள் என்று சொன்னது, எதிர் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்த பெண். அவளுக்கும் சேர்த்து.

நர்ஸம்மா வந்த முதல் நாள் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். "பாருங்க, அமுக்கினாலும் வெளுக்கல. புண்ணு இங்கதான் ஆரம்பிக்கும்" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும், பெட்ஷீட்டை மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு அதைப் பிடித்துத் தூக்கித் திருப்ப வேண்டும் என்று செய்து காட்டினார். ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, "இன்னொரு முனைக்கு ஆள் எங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தது.

பொழுது சாய்ந்தால் அப்பா "வீட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பிப்பார். இதுதாம்பா வீடு என்று தினமும் நான் வாதாடுவேன். "வாதாடாதீங்க. இருட்டறதுக்கு முன்னாடியே லைட்டப் போட்ருங்க. வீட்ல என்ன இருக்குன்னு கேட்டுப் பாருங்க" என்றதும் நர்ஸம்மாதான். கேட்டேன். "பாவு பாதியில நிக்குது" என்றார் அப்பா. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல்தான் பாவு.

அடுத்த நன்றி, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு. போன மார்கழியில் ஒரு ராத்திரி, ஊரே போர்த்திக்கொண்டு தூங்குகிற குளிரில் எனக்கு மட்டும் வேர்த்து ரவிக்கை நனைந்து விழிப்பு வந்தது. அந்த ராத்திரியைப் பற்றி முழுக்க எழுத மாட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து 14416க்கு அடித்தேன். டெலி மனஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். மகள் எப்போதோ என் போனில் பதிந்து வைத்திருந்தாள், எனக்கென்ன பைத்தியமா என்று அவளைத் திட்டியும் இருக்கிறேன். காசு கிடையாது, எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம்.

பத்து நிமிடம் அப்பாவைப் பற்றியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, அப்பாவைப் பத்திச் சொன்னீங்க. உங்களுக்கு என்ன வயசு?" என்றார். 48 என்றேன். ராத்திரி வேர்க்கிறதா, மாதம் தள்ளிப்போகிறதா, கடைசியாக எப்போது நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன் என்று வரிசையாகக் கேட்டார். என் உடம்பைப் பற்றி ஒருவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே ஜி.எச்.சில் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்று சொல்லி, போவேன் என்று என் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் காட்டியிருந்தேன். "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். சகஜம்தான். பல்வலியும் சகஜம்தான். அதற்காக டாக்டரிடம் பல்லைக் காட்டாமலா இருக்கிறோம்? ஜி.எச்.சில் பார்த்த டாக்டரம்மா ரத்தமும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். தீட்டு நிற்கப்போகிற வயது, தூக்கமில்லாதது, வீட்டுப் பாரம், இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் மூன்றுக்குமே செய்யக்கூடியது உண்டு என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது நூல் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பெட்ஷீட்டைக் கிழிக்க ஆரம்பித்திருந்தார். போர்வை ஓரம், தலையணை உறை, என் புடவை முந்தானை, எது கைக்குக் கிடைத்தாலும் பிய்த்துவிடுவார். நான் கத்துவேன், கையைத் தட்டிவிடுவேன். ஒரு நாள் அவருடைய பழைய தறிக் கூட்டாளி பார்க்க வந்தார். எனக்குச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். கொஞ்ச நேரம் அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் கிழிக்கல சாமி. இழை எடுக்கறான்" என்றார்.

மறுநாள் ஒரு துணிப்பை நிறைய சிக்கு நூல் கொண்டுவந்தார். தறியில் கழித்துப் போட்ட பட்டு நூல். அப்பா அதைத் தொடையில் வைத்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முனையைத் தேடினார். கிடைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சாம்பல்" என்றார். எனக்குப் புரியவில்லை. சித்தப்பா சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றுத் தட்டை எடுத்து நீட்டினார். அப்பா விரலில் தொட்டுக்கொண்டு, இரண்டு முனையைச் சேர்த்து ஒரு உருட்டு உருட்டினார். முடிச்சே தெரியாமல் ஒட்டிக்கொண்டது. பாவு பிணைக்கிற கை. மகள் பெயர் போய்விட்டது, கைக்கு இது போகவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பெட்ஷீட் கிழிவதில்லை. நூலை வாயில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் ஆள் மட்டும் வேண்டும்.

அந்த ஆளாகவும் சித்தப்பாவே வந்தார். "புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தா ஏழு மணி வரைக்கும் இருப்பேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் வீட்ல இருக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டார். பட்டறை முதலாளி புதன் மத்தியானம் லீவு கொடுத்தார். கூலியைப் பிடித்துக்கொண்டுதான். நன்றி மடல் என்பதற்காகப் பொய் எழுதக் கூடாது. ஆனாலும் அவசர ஆர்டர் இருந்த வாரத்தில்கூட முடியாது என்று சொல்லவில்லை, அதற்கு நன்றி.

முதல் புதன் கன்னங்குறிச்சி ஏரிக்கரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கே திரும்பினோம். சித்தப்பா கதவைத் திறக்கவில்லை. ஏழு மணி வரை தெருவில் நின்றோம். இரண்டாவது புதன் மழை. மூன்றாவது புதன் என் வீட்டுக்காரர் வண்டியை ஏற்காட்டுப் பக்கம் திருப்பினார்.

அடிவாரம் தாண்டினால் வளைவுக்கு வளைவு நம்பர் பலகை, மொத்தம் 20 கொண்டை ஊசி. ஏழாவதில் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நிறுத்தினார். "தண்ணி பாட்டில் எடுத்துட்டு வரலையா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் ஆரம்பித்தேன். ஒன்றரை வருடமாக மிக்ஸிக்குள் அரைபட்டதெல்லாம் முழு சத்தத்தில் வெளியே வந்தது. அவரும் விடவில்லை. சுவரில் வரிசையாகக் குரங்குகள் உட்கார்ந்து பார்த்தன. கீழே இறங்கின பஸ்ஸில் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஒரு நாள், ஒரே ஒரு தடவ, எங்கப்பாவுக்கு டயப்பர் மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"போனேன்" என்றார். "நீ ரேஷனுக்குப் போயிருந்தப்ப. வேட்டிய நல்ல கையால இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. வேண்டாம் மாப்ள, வேண்டாம் மாப்ளன்னு அழுதாரு. எம்பேரு மறந்துபோச்சு, நான் மாப்ளங்கறது மட்டும் மறக்கல. அப்புறம் எப்படிக் கைய வைக்கச் சொல்ற? நான் உள்ள வந்தாலே எந்திரிச்சு நிக்கப் பாக்கறாரு. விழுந்துட்டாருன்னா? அதான் படியிலயே உக்காந்துக்கறேன். என் வீட்ல எனக்கு உக்கார எடமில்ல."

நான் அதற்கு மேல் கத்தவில்லை. தொண்டையும் போயிருந்தது. மேலே போய் டீ குடித்தோம். முதல் கோடை மழைக்கு எஸ்டேட்டில் காபிச்செடி வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது, மல்லிகை மாதிரி வாசம். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நர்ஸம்மாவிடம் அவரே போய்க் கேட்டார். "சுவத்துப் பக்கம் திருப்பிப் படுக்க வைங்க, மேல துண்டு போடுங்க, பின்னாடி நின்னு செய்ங்க. முக்கியமா பேசாதீங்க. குரல வச்சுத்தான் உங்கள மாப்பிள்ளைன்னு கண்டுபிடிக்கறாரு." இப்போது பெட்ஷீட்டின் இன்னொரு முனையை அவர் பிடிக்கிறார். வாயை மூடிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சவரமும் அவர்தான். அப்பாவுக்கு அவர் நாவிதர். முடிந்ததும் ஒரு கொத்து நூலை எடுத்துக் கையில் வைத்து, "மிச்சம் அடுத்த வாரம்" என்பார். என் வீட்டுக்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துவைக்கும்போது எடுத்து வைக்கிறேன்.

நாத்தனாருக்கு நன்றியைவிட மன்னிப்புதான் அதிகம் சொல்ல வேண்டும். "பொண்ணு வீட்ல எத்தன நாளைக்கு?" என்று ஆரம்பத்தில் கேட்டவர்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் நான் சரியாக முகம் கொடுக்கவில்லை. இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராத்திரி அப்பா பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறார், நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். அண்ணி, அன்றைக்கு நீங்கள் கேட்டது தப்பில்லை. பதில் எனக்கும் தெரியாததால்தான் கோபம் வந்தது.

காற்றுப் படுக்கை வாங்கப் பணம் அனுப்பிய சின்ன அண்ணனுக்கு நன்றி. பெரிய அண்ணனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதனால் எழுதவில்லை. தட்டுவடை செட் கடை அக்காவுக்கு, புதன்கிழமை ஆறரை மணிக்கு இரண்டு செட் எடுத்து வைப்பதற்கும், அப்பாவுக்கென்று காரமில்லாத சட்னி கொஞ்சம் தனியாகக் கட்டிக் கொடுப்பதற்கும். நாக்கில் தொட்டு வைத்தால் சப்புக்கொட்டுகிறார்.

அப்பாவைப் பார்க்க வர வேண்டும் என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். புதன்கிழமை இரண்டிலிருந்து ஏழுக்குள் வாருங்கள். நாங்கள் இருக்க மாட்டோம். சித்தப்பா இருப்பார், அவருக்கும் வயதாகிறது, டீ குடித்துவர ஒரு அரை மணி நேரம் விடுங்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வேண்டாம். யார் வீட்டிலாவது இன்னும் தறி ஓடினால் சிக்கு நூல் கொண்டுவாருங்கள். போன தடவை கொண்டுவந்த பை தீரப்போகிறது.