ராத்திரி காஸை மூடிட்டு படு

கண்ணு,

நல்லா இருக்கியா. போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்ப்பா அப்புறம் கூப்பிடறேன்னு சொல்ற, அந்த அப்புறம் மட்டும் வரவே மாட்டேங்குது, அதான் உக்காந்து டைப் பண்றேன். ஒத்த விரல்ல அடிக்கறேன், தப்பு இருந்தா சிரிக்காம படி.

மொதல்ல ஒண்ணு. பாட்டி வீட்டு அடுப்புக்குப் போற காஸ் ட்யூப்ல தேதி அச்சடிச்சிருக்கும், துடைச்சுட்டு அதைப் பாரு. நீங்க போறதுக்கு முன்னாடி அந்த வீடு எத்தனை வருஷம் பூட்டிக் கிடந்துச்சு, எலி வாய் வைக்காத பொருள் அங்க ஒண்ணு இருக்குமா. தினம் படுக்கறதுக்கு முன்னாடி அடுப்புத் திருகை மூடினா மட்டும் பத்தாது, சிலிண்டர் மேல ரெகுலேட்டரையும் மூடணும். நீயே போய் மூடு, மாப்பிள்ளை மூடியிருப்பார்னு படுக்காத.

கிணறு இறைச்சு ப்ளீச்சிங் பவுடர் போட்டாச்சுன்னு அம்மாகிட்ட சொன்னியாம், நல்லது, ஆனா தண்ணிய லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணு. கொதிக்க வச்சா கிருமி சாகும். சுத்தி வயல்ல போடற உரத்துலேர்ந்து நைட்ரேட் இறங்கியிருந்தா அது எங்கயும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவன் சொல்றேன். நீயும் என் கிளாஸ்ல உக்காந்தவதான், அப்பவே ஜன்னலைத்தான் பாத்துட்டு இருப்ப.

ஆக்சிமீட்டர் வாங்கினியா இல்லையா? 94க்குக் கீழ காட்டினா யோசிக்கவே கூடாது, கிளம்பிடணும். மூச்சு முட்டற மாதிரி தெரியாமலே ஆக்சிஜன் இறங்கிடும், இந்த கொரோனாவோட சூதே அதுதான். ராத்திரில ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி யார்கிட்ட இருக்குன்னு இப்பவே விசாரிச்சு நம்பரை சுவத்துல எழுதி வை. பாட்டிக்கு அன்னைக்கு நடந்ததை நான் திரும்ப சொல்ல வேண்டியதில்ல.

அம்மா நல்லா இருக்கா. முட்டி வலி அப்படியேதான்.

குட்டிக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கேன். நாலு சின்ன டப்பா, ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், நாலோட எண்ணெயையும் பஞ்சுல நனைச்சு வச்சிருக்கேன். கண்ணைக் கட்டிட்டு எது எதுன்னு கண்டுபிடிக்கற விளையாட்டு. நீயும் அவன்கூட விளையாடு. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு டப்பாவையும் இருபது செகண்ட் மோந்து பாக்கணும், மூணு மாசம் விடாம. மூணு மாசம் விளையாடற விளையாட்டு எந்த ஊர்லப்பா இருக்குன்னு கேப்ப. கேக்காத.

நீ தண்ணித்தொட்டி மேல இன்டர்நெட் மோடத்தைக் கட்டி வச்சுட்டு மொட்டை மாடில உக்காந்து ஆபீஸ் வேலை பாக்கறதை அம்மா வீடியோல காட்டினா. நான் பாக்கறவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லிட்டு இருக்கேன். பதினெட்டு வயசுல அந்த ஊரை விட்டு வந்தவன் நான், திரும்பிப் பாக்கல, நீ ஆறு வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் அதே கதவைத் தொறந்து குடியேறிட்ட, அதுக்கு ஒரு தைரியம் வேணும், இல்லன்னு சொல்லல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? சாவி எங்க இருக்குன்னு அம்மாகிட்டதான் கேட்ட. இப்ப பையன் போன் ஸ்க்ரீன்ல படிக்கறான், சிக்னல் போனா கிளாஸும் போச்சு, இப்படியே எத்தனை நாளைக்கு. சரி விடு. மரம் ஏறக் கத்துக்கிட்டானாமே.

காஸ் விஷயம் இன்னும் முடியல. அதுக்குன்னு சொந்தமா வாசனை கிடையாது, உனக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். கசிஞ்சா தெரியணும்னுதான் எத்தில் மெர்கேப்டனைக் கலக்கறாங்க. காஸ் காத்தை விட கனம், மேல போகாது, தரையோட தரையா தேங்கி நிக்கும், அந்த சமையக்கட்டு வேற ரெண்டு படி பள்ளத்துல இருக்கு. மூக்கு நல்லா இருக்கறவங்க உள்ள காலை வச்ச உடனே கண்டுபிடிச்சு, ஸ்விட்சைத் தொடாம கதவைத் தொறந்து விடுவாங்க. மூக்கு

சரி, இனிமே சுத்தி வளைக்கல. மாப்பிள்ளை போன வாரம் வாய் தவறி சொல்லிட்டார். அவரைத் திட்டாத, சொன்ன உடனே பாவம் கிரிக்கெட் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். ரெண்டு மாசமா உனக்கு ஒரு வாசனையும் தெரியலையாமே. அப்ப காய்ச்சல் எல்லாம் இல்லப்பா, சும்மா அலைச்சல்னு சொன்னியே அது. பின் ரூம்ல தனியா படுத்துக்கிட்டு, குட்டியை கதவுக்கு அந்தப் பக்கம் உக்கார வச்சு கதை சொன்னியாமே.

பயப்படாத. இந்த வைரஸ் முக்கியமா அடிக்கறது வாசனை நரம்பை இல்ல, அதுக்குத் துணையா நிக்கற செல்லை. அதுலதான் ஏஸ்-2ங்கற வாசல் இருக்கு. அதனால பெரும்பாலானவங்களுக்குத் திரும்ப வந்துடும். வரும்போது சில பேருக்குக் கோணலா வரும், நல்ல வாசனையே கருகின மாதிரி தெரியும், அதுக்கும் பயப்படாத. அந்த நாலு டப்பா என் கண்டுபிடிப்பு இல்ல, ஜெர்மனில 2009லயே சோதிச்சுப் பாத்த பயிற்சி.

ஏன் என்கிட்ட சொல்லலன்னு சண்டை போடத்தான் போனைக் கையில எடுத்தேன். எடுத்தப்புறம் அந்த ராத்திரி ஞாபகம் வந்துடுச்சு. பொய், ஞாபகம் எல்லாம் வரல, அது போனாத்தானே வர்றதுக்கு. 2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு அறிவிச்சு ரெண்டு வாரம்கூட ஆகல, எல்லாத்தையும் மூடப்போறாங்கன்னு ஒரே பேச்சு, கீழ் மாடில ஒருத்தருக்கு வந்துடுச்சுப்பா நாங்க மூணு பேரும் அங்க வரட்டுமான்னு கேட்ட. பதினாலு நாள் எங்கயாவது இருந்துட்டு வாங்கன்னு சொன்னேன். எங்கயாவதுன்னா எங்க? பிள்ளையைத் தூக்கிட்டு எங்க போவ? அம்மாவுக்கு சுகர் இருக்குல்லன்னு அவ மேல பழியைப் போட்டேன். அவ பக்கத்துலயே நின்னு வரச்சொல்லுங்க வரச்சொல்லுங்கன்னு என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்தா. பயந்தது நான். வாசல்ல வந்த அட்டைப்பெட்டியை எல்லாம் சோப்புத்தண்ணி போட்டுத் துடைச்சு உள்ள எடுத்துட்டுப் போனேன் கண்ணு, உன்னை எடுக்கல.

சரிப்பான்னு சொன்ன. அவ்வளவுதான். மறுநாள் அம்மாகிட்ட சாவி கேட்ட. நான் என்னமோ பொண்ணு சுத்தமான காத்து வேணும்னு கிராமத்துக்குப் போயிருக்கான்னு ஊர்பூரா சொல்லிட்டுத் திரியறேன், கேக்கறவங்க குடுத்து வச்சவர் சார் நீங்கன்னு சொல்றாங்க, நானும் தலையை ஆட்டறேன்.

எனக்கு ரெண்டு டோஸும் போட்டு மூணு வாரம் ஆச்சு. ஊசி போட்டாலும் வரலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம், தெரியும். அதனால அங்க வந்தா அந்தப் பின் ரூம்ல பதினாலு நாள் நான் இருக்கேன், கதவுக்கு வெளிய இருந்து குட்டி எனக்குக் கதை சொல்லட்டும். நீ வாங்கன்னு சொன்னாத்தான். சொல்லலன்னாலும் ஒண்ணும் நினைக்க மாட்டேன். நினைப்பேன், ஆனா கேக்க மாட்டேன். உனக்குக் காய்ச்சல் வந்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அங்க இந்த வாரம் மழைன்னு போன்ல காட்டுது. மண் வாசனைங்கறது ஸ்ட்ரெப்டோமைசிஸ்னு மண்ணுல இருக்கற பாக்டீரியா பண்ற ஜியோஸ்மின், காத்துல லட்சம் கோடில ஏதோ சில பங்கு இருந்தாலே மனுஷ மூக்குக்குத் தெரிஞ்சுடும். அதனால உனக்கு மொதல்ல அதுதான் திரும்பி வரும்னு நானா ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கேன், சயின்ஸ்ல அப்படி எதுவும் கிடையாது. பெஞ்சா பின் கதவைத் தொறந்து வச்சுட்டு கொஞ்ச நேரம் நில்லு. தெரிஞ்சுதுன்னா ஒரு மிஸ்டு கால் குடு, பேசணும்னு இல்ல.

ட்யூப்ல தேதி பாக்க மறந்துடாத.

அப்பா