இரைச்சலைத் துடைக்காதே

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சிவா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். குயில் காலம் தொடங்கிவிட்டது; விடிய ஐந்து மணிக்கே அது கூவத் தொடங்கினால் நித்திரை அவ்வளவுதான். சித்திரை வருஷப் பிறப்பு கழியும்வரை இந்தக் கச்சேரி ஓயாது.

கொழும்பில் றேடியோவிலிருந்து பதிந்த பதினான்கு கசெட்டையும் கணினியில் ஏற்றி, முதல் வேலையாக இரைச்சலை எல்லாம் எடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மச்சான், அதைக் கடைசி வேலையாக வை. முடிந்தால் செய்யாமலே விடு. அந்த இரைச்சலுக்குள் உனக்குத் தேவையான அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கசெட்டைப் பார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, சின்னக் கண்ணாடி வழியே சுருளின் பக்கவாட்டைக் கவனி. மா தூவினமாதிரி வெள்ளை படிந்திருந்தால் பூஞ்சணம். இந்தக் கடற்கரைக் காற்றில் வருஷக்கணக்காகக் கிடந்த கசெட்டுக்கு அது வராவிட்டால்தான் அதிசயம். அப்படிப்பட்டதை டெக்கில் போட்டுவிடாதே. நாடாவை வாசிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, கூட்டைக் கழற்றி, கையால் சுற்றச் சுற்ற நாடாவின் விளிம்பை உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, புதுக் கூட்டுக்குள் மாற்று. ஐந்து ஸ்கிறூ உள்ள கூடு என்றால் சுகம். ஒட்டி மூடிய மலிவுக் கூடு என்றால் விளிம்பில் கத்தி வைத்துப் பிளக்கத்தான் வேண்டும்.

பிறகு கசெட்டின் வாயில், நடுவே, பித்தளைத் தகட்டில் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பார். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் மங்கும், வந்து வந்து போகும். கசெட் பழுதாகிவிட்டது என்று எறிகிற பலவற்றுக்கு வருத்தம் இவ்வளவுதான். அறுந்த நாடாவை ஒட்ட அதற்கென்று விற்கும் ஒட்டுநாடாவையே வாங்கு. சாதாரண செலோடேப்பின் பசை கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.

சரியானவற்றை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதி. பல வருஷம் அசையாமல் கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் படிந்திருக்கும். பாட்டு தொடங்குமுன்பே அதன் நிழல் மெலிதாகக் கேட்பது அதனால்தான். ஓட்டிச் சுற்றினால் ஓரளவு குறையும். 120 நிமிஷம் ஓடுகிற சி-120 இருந்தால் மட்டும் வேகமாகச் சுற்றாதே. சி-60 நாடா ஏறக்குறைய 16 முதல் 18 மைக்ரோன் தடிப்பு, சி-120 வெறும் 9. இழுபட்டுவிடும்.

டெக் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதே. புதிதாக விற்கும் மலிவான யூஎஸ்பி பிளேயர்களில் வேகம் நடுங்கும். வயலினில் ஒரு நீண்ட சுரம் வந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். றப்பர் பட்டி மாற்றிய ஒரு பழைய டெக் மேல். ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடை, 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். றப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். சீறலைக் குறைக்கிற டொல்பியை நிறுத்து, பதிந்த அந்த றேடியோப் பெட்டியில் டொல்பி ஏது?

இனித்தான் பலர் விட்டுவிடுகிற இடம். ஹெட்டின் ஒரு பக்கத்தில், ஸ்பிறிங் போட்ட சிறு ஸ்கிறூ ஒன்று இருக்கும். ஹெட்டின் சாய்வை அது மாற்றும். பதிந்த பெட்டியின் சாய்வும் வாசிக்கிற டெக்கின் சாய்வும் ஒத்துவராவிட்டால் கூர்மையான ஒலி எல்லாம் செத்துப்போகும். இரண்டு சனலையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டுக்கொண்டே, அந்த ஸ்கிறூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பு. அறிவிப்பாளர் ‘ஸ’ சொல்லுகிற இடம் எப்போது கூராகக் கேட்கிறதோ அங்கே நிறுத்து. நாடாவின் சீறலைக் கேட்டு முடிவுசெய்யாதே, அது எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு கசெட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. சாய்வு சரியென்றால் இரண்டு சனலையும் கூட்டி ஒன்றாக்கிவிடலாம். குரல் இரண்டிலும் ஒன்று, சீறல் வேறுவேறு என்பதால் 3 டெசிபெல் இலாபம். எதையும் துடைக்காமலே கிடைக்கிற சுத்தம் இது.

லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்குக் கொடு, மைக் ஓட்டைக்கு அல்ல. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 6 டெசிபெலுக்கு மேலே ஏறாமல் வை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி அளவு போகும். பிறகு பிளாக் (FLAC) கோப்பு ஆக்கினால் சுருங்கும், தரம் குறையாது.

இப்போது அந்த அளவுகோல். றேடியோப் பெட்டி கரண்டில் ஓடியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் இரட்டிப்பான 100உம் மெலிதாக நாடாவில் ஏறியிருக்கும். இலங்கையில் கரண்ட் 50, கனடாவில் 60. உன் வீட்டுக் கரண்ட் போடுகிற முனகல் 60இலும் 120இலும் நிற்கும்; 100ஐ அண்டி நிற்பது கொழும்பில் ஏறியது. இரண்டும் கலக்காது. இங்கே இருக்கிற எனக்கு இந்த வசதி கிடையாது, ரொறன்ரோவில் இருப்பதால் உனக்கு வாய்த்தது! பாட்டு இல்லாத ஒரு துண்டைத் தெரிவுசெய்து, ஓடாசிட்டி (Audacity) மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் வரைந்து பார். அளவை 65536இல் வை. குறைத்து வைத்தால் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம் தெரியாது. 100க்குப் பதிலாக 103இல் முகடு நின்றால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. வேகத்தை மைனஸ் 2.91 சதவீதம் மாற்று. டெம்போவை மாற்றுகிற கட்டளை வேறு, அதைத் தொடாதே. அதில் சுருதி திருந்தாமல் அப்படியே நிற்கும். 6 சதவீதம் பிசகினால் பாடகர் அரைக் கட்டை ஏறிவிடுவார் என்று வைத்துக்கொள். கொழும்புக் கரண்டும் அசையாமல் 50இல் நின்றதில்லைத்தான், ஆனால் டெக்குகள் விடுகிற பிழைக்கு முன்னால் அது சின்னது.

கரண்ட் வெட்டு நேரத்தில் பற்றறியில் பதிந்தது என்றால் முனகலே இருக்காது. அதுமட்டுமல்ல, பற்றறி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கும், இப்போது கேட்டால் பாட்டு போகப்போகச் சுருதி ஏறும். அதில் எங்கேயாவது பிபிசியின் மணிக்குறி ‘பிப் பிப்’ அகப்பட்டால் அதிர்ஷ்டம்: அது சரியாக 1000 ஹெர்ட்ஸ். பின்னணியில் கேட்கிற குயிலை மட்டும் நம்பிவிடாதே. ஆண் குயில் ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகிற ஆள்.

முனகலை முதலிலேயே துடைத்திருந்தால் இந்த அளவை எதைக்கொண்டு எடுப்பாய்? துடைக்காத மூலப் பிரதி ஒன்றை எப்போதும் தனியே வைத்திரு. சீறல் தாங்கமுடியவில்லை என்றால், மத்திய அலையில் வந்ததற்கு 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் இராது, அதனால் 6க்கு மேலே வெட்டிவிடு. இரைச்சல் நீக்கியைப் பலமாகப் போட்டால் குரல் தண்ணீருக்குள் பாடுவதுபோல் ஆகும். அதைவிட சீறல் எவ்வளவோ மேல்.

நீ பதிந்து அனுப்பச் சொல்லிக் கேட்ட கொழும்புச் சத்தங்களுக்கு வருகிறேன். போன் போதாது. சத்தம் கூடினால் தானாகக் குறைத்து, குறைந்தால் தானாகக் கூட்டுகிற குணம் அதற்கு. கொத்து ரொட்டித் தகட்டில் இரண்டு இரும்பும் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் பின்னணி அமுங்கி எழும்பும், மூச்சு வாங்கினமாதிரி. கையடக்கப் பதிவுக் கருவியில் அதை நிறுத்திவிட்டு, உச்சம் மைனஸ் 18 அளவில் நிற்க, மூன்று மீற்றர் தள்ளி நின்று பதியலாம். கிட்டப் போனால் அடி எல்லாம் உடைந்து கேட்கும், மைக்கில் எண்ணெயும் படியும்.

மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற சூன் பாண் த்ரீவீலுக்கு ஒழுங்கைதான் சரி. காலி வீதியில் பஸ் ஹோர்ன் விழுங்கிவிடும். அது இன்னும் பேத்தோவன் 1810இல் எழுதிய அந்த ‘ஃபூர் எலீஸ்’ மெட்டைத்தான் போட்டுக்கொண்டு வருகிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், வரும்போது சுருதி 1.6 சதவீதம் ஏறியும் கடந்தபின் அதேயளவு இறங்கியும் கேட்கும். இரண்டையும் கூட்டினால் கால் கட்டை. மெட்டின் தொடக்கத்தில் மாறிமாறி வருகிற இரண்டு சுரத்துக்கும் நடுவிலே உள்ள தூரமே அரைக் கட்டைதான். கடக்கிற நேரத்தில் மெட்டு சறுக்குவதுபோல் தோன்றும். நீ அதைக் கேட்டால் கசெட் பிழை என்று திருத்தப் போவாய், அதற்காகத்தான் சொல்லிவைக்கிறேன். இழுத்து நிறுத்தாமல், தூரத்தில் கேட்கத் தொடங்கியதிலிருந்து மறையும்வரை முழுதாகப் பதிந்து அனுப்புகிறேன்.

ஆடி வேல் ஊர்வலத்தில் தவில் பதிவதுதான் கடினம். விரலால் வாசிக்கிற வலந்தலைப் பக்கம் நின்றால் விரல்கூட்டின் ‘டிக்’ மட்டும் காதைத் துளைக்கும். கம்பால் அடிக்கிற தொப்பிப் பக்கம் நின்றால் அதன் கும்மென்ற ஒலி எல்லாவற்றையும் மூடும். தவில்காரருக்கு நேரே முன்னால், ஆறேழு மீற்றர் தள்ளிப் பின்நடையாக நடக்க வேண்டும். நாதஸ்வரத்தின் வாய் நேரே மைக்கைப் பார்க்காமல் இருந்தால் நல்லது. சனநெரிசலில் இதெல்லாம் எவ்வளவு நடக்குமோ முருகனுக்குத்தான் வெளிச்சம்.

கடலோர ரயிலைக் காற்று குறைந்த விடியலில், ஸ்டேசனின் வீட்டுப்பக்கம் நின்று பதியலாம். மைக்குக்குப் பஞ்சுறை போதாது, மயிருறை வேண்டும்.

முதல் கசெட்டை ஏற்றியதும், ஒன்றையும் தொடாமல், முதல் ஐந்து நிமிஷத்தை எனக்கு அனுப்பு. வட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அல்ல, டொக்கியுமென்டாக. நூறை அண்டி முகடு எங்கே நிற்கிறது என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
கணேஷ்