அம்மாவுக்கு இடம் பார்க்கும் அக்காவுக்கு

ஒகையோ, அமெரிக்கா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கப் போய் அத்தானுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உறக்கம் இல்லை. முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைப் பெரிய குற்றம் மாதிரி எழுதாதே அக்கா. 3 வருஷமாக நீ பார்த்ததை நான் ஒரு மாதம்கூடப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் டிரஸ்ட் நடத்துகிற அந்த இடம் எப்படி என்று கேட்டாய். சின்ன இடம், லாபத்துக்கு நடத்தவில்லை, அதனால் நல்லாத்தான் இருக்கும் என்கிறாராம் அத்தான். நான் வேலை பார்ப்பதும் அப்படி ஒரு நர்சிங் ஹோம்தான், 40 கட்டில். (நம்மூரில் அந்தப் பேரைச் சொன்னால் பிரசவ ஆஸ்பத்திரி என்பார்கள். இங்கே வயசானவர்கள் தங்கி இருக்கும் இடம்.) லாபத்தை அள்ளிக்கொண்டு போக முதலாளி இல்லை என்பது நல்லதுதான். ஆனால் ராத்திரி 2 மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டுமே.

இங்கே 2008-லிருந்து மத்திய அரசு இந்த இல்லங்களுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் போடுகிறது. சொல்லாமல் வந்து செய்யும் சோதனை, ஆள் பலம், தங்கியிருப்பவர்களின் உடல்நிலை, மூன்றையும் சேர்த்துப் போடுவது. உடல்நிலைக் கணக்கில் பெரும்பகுதி இல்லமே எழுதிக் கொடுப்பது. சின்ன இடத்தில் அது துள்ளவும் செய்யும்: எங்களிடம் ஒருத்தர் விழுந்து எலும்பு முறிந்தால் நூற்றுக்கு இரண்டரை, 200 கட்டில் உள்ள இடத்தில் அரைதான். ஆள் கணக்கை மட்டும் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். 2022 முதல் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் அதில் சேர்கிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். போன குளிர்காலத்தில் எங்கள் பழைய ஆட்கள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். அம்மா மாதிரியே பக்கவாதம் வந்த ஒரு கறுப்பினப் பாட்டி, புதிதாக வந்த பெண்ணின் பொறுப்புக்குப் போனார். படுக்கைப் புண் வருகிறதா என்று குதிகாலைப் பார்த்துவிட்டு, சிவப்பு இல்லை என்று எழுதி வைத்திருந்தாள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது அக்கா. நான் விடுப்பு முடிந்து வந்து தொட்டேன். மற்றக் காலைவிடச் சூடு, அமுக்கினால் பழுத்த பழம் மாதிரி மெத்தென்று இருந்தது. அதற்குள் உள்ளே புண் பிடித்துவிட்டது. ஆற 3 மாதம் ஆயிற்று. குதிகால் படுக்கையில் அழுந்தாமல் இருக்கக் காலுக்கு அடியில் வைக்கிற தலையணையிலிருந்து அந்தப் பாட்டி தூக்கத்தில் இடது காலை நழுவ விடுவார். நின்று போன இருவருக்கும் அது தெரியும், எந்தத் தாளிலும் அது இல்லை.

அதனால் நீ முன்கூட்டிச் சொல்லாமல் போ. ஞாயிற்றுக்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ஆபீஸ் அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு உள்ளே நட. பார்த்துக்கொள்கிற பெண்களிடம் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், ராத்திரி எத்தனை பேர், சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்று கேள். ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா என்று பார். நின்றுகொண்டு ஊட்டினால் அம்மா அண்ணாந்துதான் வாயைத் திறப்பாள், புரையேறும். சொதியைத் தண்ணியாக ஊற்றாமல் சோற்றோடு குழையப் பிசைந்து கொடுக்கச் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடக்கிற யாராவது சரி என்றால் குதிகாலைத் தொட்டுப் பார். தரை பளபளப்பதையும் பினாயில் வாசனையையும் வைத்து முடிவு பண்ணாதே.

பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், பாதிக்கு மேல் நான் அனுப்புகிறேன். அம்மாவுக்குக் கருப்பட்டிக் காப்பி வேண்டும், இடது பக்கம் நின்று பேசினால் கவனிக்க மாட்டாள், இதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடு.

இன்று ராத்திரி அம்மாவின் இரண்டு குதிகாலையும் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. என்ன நேரமானாலும் எடுப்பேன்.

உன் தங்கச்சி