வயலை விடுங்கள், ஒழுங்கையைக் கீறட்டும்: கொழும்பில் சித்திரப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், கோயில் பரிபாலன சபையினர், பாடசாலை அதிபர்கள், நடுவர்களாக வந்து அமரும் பெரியவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள் நடத்தும் சித்திரப் போட்டிகளைப் பற்றி எழுதுகிறேன். வாணி விழா, தைப்பொங்கல், சிறுவர் தினம், ஆண்டு விழா என்று வருடம் முழுக்க எங்காவது ஒரு மண்டபத்தில் பிள்ளைகள் தரையில் இருந்து பாஸ்டல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். மண்டபம் ஒழுங்கு செய்து, தாள் வாங்கி, பரிசுக்கு ஆள் பிடித்து, சான்றிதழ் அச்சடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகக் கொடுத்து இதைச் செய்கிறீர்கள். ஒரு சதம் சம்பளம் இல்லாத வேலை. அதற்கு முதலில் நன்றி. வெள்ளவத்தையில் சித்திரம் சொல்லிக்கொடுக்கிற நான் என் மாணவர்களை அந்த மண்டபங்களுக்குத் தொடர்ந்து அனுப்புகிறேன், இனியும் அனுப்புவேன்.

என் மனக்குறை தலைப்புகளைப் பற்றியது. 'எங்கள் கிராமம்', 'அறுவடை', 'பொங்கல் காட்சி', 'இயற்கை அழகு'. தலைப்பைக் கேட்டதும் பிள்ளையின் கை தானாக ஓடுகிறது: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓலைக் குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, மாளிகாவத்தைப் பிள்ளை, வத்தளையிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளை, எல்லோரிடமும் ஒரே படம். டியூஷன் வகுப்பில் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள், எந்தப் பச்சைக்குமேல் எந்த மஞ்சளைத் தேய்ப்பது என்பது வரைக்கும். இவர்களில் பலர் நெல் வயலை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே கண்டவர்கள்.

2022 இல், சமையல் காஸ் இல்லாமல் நாடே தவித்த மாதங்களில், ஒரு போட்டிக்கு 'என் ஊர்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நல்ல தலைப்பு. என் மாணவி ஒருத்தி தன் வீட்டு ஒழுங்கையை வரைந்தாள். சுவரோரமாக நீலச் சிலிண்டர்களும் மஞ்சள் சிலிண்டர்களும் வரிசையாக, யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி சங்கிலியால் பிணைத்து நிற்கின்றன. மனிதர் ஒருவரும் இல்லை. மனிதருக்காகச் சிலிண்டர்கள் வரிசையில் காத்திருந்த நாட்கள் அவை. ஒன்றின்மேல் ஒரு பூனை படுத்திருக்கிறது. போட்டியில் நினைவிலிருந்துதான் வரைந்தாள். ஆனாலும் சிலிண்டரின் கழுத்தைச் சுற்றிய வளையத்தில் கை நுழைக்கும் இடைவெளி எங்கே வரவேண்டுமோ அங்கே வந்திருந்தது. தினமும் அந்த வரிசையைக் கடந்து பாடசாலைக்குப் போன பிள்ளையின் கண் அது.

பரிசு கிடைக்கவில்லை. அது பரவாயில்லை. ஆனால் நடுவர்களில் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "படம் எண்டா வடிவா இருக்கோணும் பிள்ளை, இதெல்லாம் கீறக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, குரலில் பரிவுகூட இருந்தது. அதற்குப் பிறகு வந்த போட்டிகளில் அவள் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் வரைந்தாள். ஒரு முறை பரிசும் எடுத்தாள்.

படம் என்றால் வடிவாக இருக்க வேண்டும் என்ற அந்த வார்த்தையைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. கலை எதற்கு என்ற கேள்விக்கு நம்மில் பலர் யோசிக்காமல் வைத்திருக்கும் விடை அது. ஆனால் நம் முன்னோர் வைத்திருந்த விடை வேறு. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றில் பாதி நாம் விரும்பித் தேடிப் போகாதவை. அழுகை எதிலிருந்து பிறக்கும் என்று சொல்லும்போது இழப்பையும் வறுமையையும் அது பெயர் சொல்லியே குறிக்கிறது. இளிவரலுக்கு மூப்பையும் பிணியையும் காட்டுகிறது. இதெல்லாம் படைப்புக்குள் வரக்கூடாது என்று அந்த இலக்கணக்காரர் நினைக்கவில்லை. வரும், வந்தால் இன்ன இடத்திலிருந்து வரும் என்று வகுத்துக் கொடுத்தார். வறுமை அங்கே பாடுபொருள் என்றால், காஸ் வரிசை ஏன் இங்கே வரைபொருள் ஆகக்கூடாது?

கண்ணால் பார்க்கும்படியான சான்றும் நம் நகரத்திலேயே இருக்கிறது. 1877 இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலையின் சேகரிப்பில், பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளிலிருந்து கிடைத்த சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் உள்ளன. நடராசர், பார்வதி, சுந்தரர் ஆகியோரோடு காரைக்கால் அம்மையாரும் இருக்கிறார். எலும்பு துருத்திய தோள், வற்றித் தொங்கிய மார்பு, கையில் தாளம். பார்வதியின் இடையை அவ்வளவு நயமாக வடித்த மரபில் வந்த சிற்பி, அம்மையாரிடம் வரும்போது அந்த நயத்தை முழுக்க ஒதுக்கி வைத்தார். வடிவான உடம்பு வேண்டாமென்று சிவனிடம் பேயுருவைத் தானே கேட்டு வாங்கிய அம்மையாருக்கு வடிவான சிலை பொய்யாகிவிடும் என்று சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. கொழும்பு நூதனசாலையிலுள்ள வெண்கலச் சிலைகளைப் பற்றி 1914 இல் நூல் எழுதியவர் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இதே கொழும்பில் பிறந்தவர். கலைஞன் என்பவன் மற்ற மனிதரிலிருந்து பிரிந்த தனிச்சாதி இல்லை என்று வாழ்நாள் முழுக்க வாதிட்டவர். அவருடைய பெயரைத் தாங்கிய வீதியில்தான் இன்றைக்கும் கொழும்பின் ஓவியர்கள் நடைபாதையில் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள்.

ஆக, ஒரு பிள்ளை படம் கீறுவது எதற்காக? தான் கண்டதை இன்னொருவருக்குக் காட்டுவதற்காக என்பது என் எண்ணம். காட்ட வேண்டுமென்றால் முதலில் தான் பார்த்திருக்க வேண்டும். மனப்பாடப் படத்தில் இந்த இரண்டும் நடப்பதில்லை. கை மட்டும் வேலை செய்கிறது, பிள்ளை அங்கே இல்லை.

எதை வரைவது என்பதற்கும் நாம் வெளியே போய் வழி கேட்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் ஒரு குகைச் சுவரில் காட்டுப்பன்றி ஓவியம் ஒன்று இருக்கிறது. குறைந்தது 45,500 ஆண்டு பழையது என்று 2021 இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்தப் பன்றி இனத்தின் தாயகம் அந்தத் தீவுதான். வரைந்தவர் தன்னைச் சுற்றித் திரிந்ததை வரைந்தார். நம் திணை மரபும் அதையே கேட்கிறது: நிலமும் பொழுதும் முதல், பிறகு அந்த நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், அவற்றின் ஊடாக மனிதரின் உணர்வு. வெள்ளவத்தைப் பிள்ளை நெய்தலில், கடற்கரை நிலத்தில், பிறந்த பிள்ளை. ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் தண்டவாளம், உப்புக்காற்றில் துருப்பிடித்த பல்கனிக் கம்பி, காகம், கொத்து ரொட்டி போடும் சத்தம். கருப்பொருளுக்கு என்ன குறைச்சல்? அந்தப் பிள்ளையிடம் வயல் நிலமான மருதத்தைக் கேட்கிறோம், அதுவும் மருதத்தைக் கண்டிராத பிள்ளையிடம்.

ஏன் கேட்கிறோம் என்பதும் எனக்குப் புரிகிறது. அந்த வயலும் கிணற்றடியும் உங்களுடையவை. நம் நடுவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ, சிலர் மலையகத்திலிருந்தோ, ஏதோவொரு கலவரத்துக்கும் இடப்பெயர்வுக்கும் பிறகு இந்த நகரத்துக்கு வந்தவர்கள். விட்டுவிட்டு வந்த ஊரைப் பிள்ளைகளின் தாளில் தேடுகிறீர்கள். அந்த ஏக்கம் மிகவும் பெரியது, அதை நான் மதிக்கிறேன். அதை நீங்களே வரையலாம், எழுதலாம், பேரப்பிள்ளைக்குக் கதையாகச் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் அதை வரைந்து தரச் சொன்னால், அதற்குக் கொடுக்கத் தெரிந்தது குடிசையும் குடமும் மட்டும்தான்.

ஐவன் பீரிஸ் என்ற ஓவியரை இந்த இடத்தில் நினைக்கிறேன். தெகிவளைக் கரையில் வளர்ந்தவர். 1943 இல் கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் முன்னின்று தொடங்கிய '43 குழு என்ற ஓவியர் குழுவில் ஒருவர். 1950களில் இங்கிலாந்தில் குடியேறி, 1988 இல் அங்கேயே இறந்தார். அத்தனை வருடம் அந்நிய மண்ணில் இருந்துகொண்டு அவர் திரும்பத் திரும்ப வரைந்தது இந்தக் கரையை: மணல், மரம், கடலைப் பார்த்து நிற்கும் மனிதர்கள். சின்ன வயதில் கண் நிறையப் பார்த்து வைத்திருந்ததால் அவரால் முடிந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நாளை டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் போகப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அங்கே இருந்து நினைத்துப் பார்க்க அவர்களுக்கு எந்த ஊர் இருக்கும்? கொழும்பை வரையவிடாமல் வளர்த்த பிள்ளைக்கு, அப்பம்மாவின் ஊரும் கிடையாது, தன் ஊரும் கிடையாது.

அந்தக் குழுவினர் எல்லோரும் ஒரே பாணிக்காரர் இல்லை. அன்றைக்கு இங்கே மதிப்புப் பெற்றிருந்த ஆங்கில அகாடமிப் பாணியைப் பார்த்து வரைய மாட்டோம் என்பதில் ஒன்றுபட்டார்கள். அவர்களில் ஜெஃப்ரி பீலிங் பாடசாலைகளின் சித்திரப் பாடத்துக்குப் பொறுப்பான பரிசோதகராகவும் இருந்தவர். அதிகாரியாக இருப்பதும் பிள்ளையின் கண்ணை நம்புவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பார்ன்ஸ் பிளேஸில் அதே குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமால் மன்றமாக இருக்கிறது. அந்தக் குழுவின் படங்களை அங்கே பார்க்கலாம். வெள்ளவத்தையிலிருந்து அதிக தூரமில்லை. நம் பிள்ளைகளை யாரும் அங்கே கூட்டிக்கொண்டு போவதாகத் தெரியவில்லை.

"பொங்கலையும் ஆடிவேலையும் விட்டுவிட்டால் பிள்ளைகள் மரபை மறந்துவிடுவார்கள்" என்று சிலர் சொல்வீர்கள். விடச் சொல்லவில்லை. பொங்கல் வரையட்டும், ஆனால் ஐந்தாம் மாடிக் குசினியில் காஸ் அடுப்பில் பால் பொங்குகிற பொங்கலை, அம்மா ஒரு கையில் அகப்பையும் மறு கையில் ஃபோனுமாக நிற்பதை வரையட்டும். முருகனின் ஆடிவேல் விழாவை வரையட்டும், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி வரும் தேருக்குப் பின்னால் பஸ்கள் தேங்கி நிற்பதையும் சேர்த்து. மரபு இந்த நகரத்தில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்னொன்றும் உண்டு: தமிழ் மொழிமூலம் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இதே மண்டபத்தில் இருக்கிறார்கள். 'உன் வீட்டுப் பெருநாள்' என்று கேட்டால் ஒருவரும் வெளியே நிற்க வேண்டியிருக்காது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த அறிவித்தலில் 'எங்கள் படிக்கட்டு', 'மழை நாளில் காலி வீதி', 'அம்மம்மாவின் கை' என்ற மாதிரி, பிள்ளை போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றைத் தலைப்பாகப் போடுங்கள். முடிந்தால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், பார்த்துவிட்டு வரட்டும். பெற்றோரை வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பென்சிலை வாங்கித் திருத்தும் கை எனக்கு நன்றாகத் தெரியும். நடுவர்கள் தாளை மட்டும் பார்க்காமல், "இது என்ன, ஏன் இந்த நிறம்?" என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் புள்ளி போடட்டும். அப்புறம், பரிசு பெற்ற படங்களோடு நிறுத்தாமல் எல்லாப் படங்களையும் அன்று மாலை வரைக்கும் மண்டபத்தில் தொங்கவிடுங்கள். பத்து வயதுக்குக் கீழே முதலாம், இரண்டாம் இடமே வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். இதில் நீங்கள் உடன்படாவிட்டால் விட்டுவிடலாம். தலைப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்த வருட வாணி விழாவுக்கான அறிவித்தல்களை நீங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன்பே இந்த மடல் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இப்போதே எழுதினேன். தலைப்பு யோசிக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். என்னைப் போன்ற ஆசிரியர்கள் இங்கேயும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறோம். பாய் விரிப்பதிலிருந்து படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது வரைக்கும் கூட நின்று செய்கிறோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சித்திர ஆசிரியை