பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

பக்கவாதம் வந்து படுத்த அம்மா வீட்டுக்கு வந்து இன்றோடு 12 நாள். முக்கூடலில் எங்கள் தெருவில் விசாரிக்க வராத ஆள் இல்லை. வருகிற எல்லோருக்கும் அம்மா இடது கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டுகிறார். நினைப்பதைச் சொல்ல இன்னும் வார்த்தை முழுசாக வரவில்லை. அவர் சொல்ல வேண்டியதையும் சேர்த்து நான் எழுதுகிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு அத்தைக்கு. அன்று இருவரும் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கையிலிருந்து கத்தரி நழுவியிருக்கிறது. "என்ன மதினி?" என்று கேட்டால் பதில் இல்லை, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கூடியவர்களில் ஒருவர் புறா ரத்தம் தேய்க்கலாம் என்றாராம். அத்தை யாருக்கும் காது கொடுக்காமல் 108க்குப் போன் போடச் சொன்னார், வண்டியிலும் கூடவே ஏறினார். ஐகிரவுண்டில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்பதுதான். "பதினொன்னே காலுக்கு எங்கிட்ட நூல்கண்டு வாங்கினாங்க" என்று அத்தை பட்டென்று சொன்னார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; அதற்கு முன் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். அம்மாவுக்கு இரண்டரை மணி நேரத்தில் போட்டுவிட்டார்கள். அத்தை, அந்த நூல்கண்டை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

வார்டில் இரண்டாம் நாள் நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். அம்மாவின் நாக்கு வறண்டு கிடந்தது பொறுக்காமல் ஸ்பூனில் தண்ணீர் எடுத்தேன். இரவு ட்யூட்டி சிஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, தண்ணீர் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சல் வந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதையும், துவண்ட வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும் என்பதையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். சிஸ்டர், உங்களை அன்று முறைத்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பயிற்சி தொடங்கியது. ஐந்து வாரம். செத்துப்போன மூளைப்பகுதி திரும்ப வராது; பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும், ஆனால் நூற்றுக்கணக்கான தடவை செய்தால்தான் பழகும் என்றார் பிசியோதெரபி தம்பி. கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவதை அம்மா நாலு தடவையில் நிறுத்திவிடுவார், அழுவார். அம்மா பீடி சுற்றுகிறவர் என்று தெரிந்த மறுநாள் தம்பி எண்ணிக்கையை மாற்றினார். "ஒரு கட்டு முடிங்கம்மா." ஒரு கட்டு என்றால் 25. அம்மாவுக்கு அந்தக் கணக்கு புரிந்தது. 40 வருஷமாகக் கட்டு பாதியில் நிற்க விட்டவர் இல்லை. மூன்றாம் வாரம் இரட்டைக் கம்பிக்கு நடுவே நின்றார்.

கைவேலைப் பயிற்சி கொடுத்த அக்கா வீட்டிலிருந்து பீடித்தட்டைக் கொண்டுவரச் சொன்னபோது நான் நம்பவில்லை. வார்டுக்குள் புகையிலைத்தூள் ஆகாது என்று அவரே டீத்தூளைக் காயவைத்துக் கொண்டுவந்தார். நனைத்த இலை, நூல், டீத்தூள். தட்டு மடிக்கு வந்ததும் அம்மாவின் வலது கை தானாக இலையைத் தேடிப் போனது. விரல் மடங்கவில்லை, இலை கிழிந்தது. ஆனாலும் அந்தக் கை போனதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அம்மாவால் இலையை உருட்ட முடியாது. நான் சுற்றிக் கொடுத்தால் நூல் கட்டுகிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடத்துக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. அம்மா எதற்கும் "நாளைக்கு, நாளைக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சத்தமாகப் பேசினோம், புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவர் முன்னாலேயே பேசினோம். "காது நல்லா கேக்குது, புத்தியும் அப்படியே இருக்கு. வார்த்தைதான் அகப்படல" என்று மேடம் சொன்ன அன்று என் அண்ணன் வராந்தாவில் போய் அழுதான். ஆமாம், இல்லை என்று சொல்லும்படி கேள்வி கேட்கிறோம் இப்போது. அவர் தேடும்போது நாங்கள் முந்திக்கொண்டு சொல்வதில்லை. போன வெள்ளிக்கிழமை என் பெயரைச் சொன்னார்.

வார்டைக் கூட்டித் துடைத்த பாட்டியம்மா, அடுத்த கட்டில்காரரின் மனைவி, வாசல் டீக்கடை அண்ணாச்சி, உங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை போதாது. இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வரும் சகோதரிக்கும் நன்றி. பக்கவாதம் வருவதற்கு முன், தலைசுற்றல் இல்லையே என்று அம்மா இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தியிருந்தார், எங்களுக்குத் தெரியவில்லை. இனி நான் கையில் வைத்துக் கொடுப்பேன்.

புதன்கிழமை பரிசோதனைக்கு வருகிறோம். வார்டில் இரவல் கொடுத்த நாலுகால் கம்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டோம். அந்த இரவல் கம்பை, அடுத்து எழுந்து நிற்கப் போகிறவருக்குக் கொடுங்கள்.